எப்ப எடுக்கறீங்க?

மாலையோடு வருகிறவர்களை எப்படித் தடுப்பது என்று எந்த செக்யூரிட்டி ஏஜென்சியும் சொல்லிக்கொடுப்பதில்லை. கல்லோடு வந்தால் கேட்டைச் சாத்தலாம். தலைகூட வாராமல், முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, கையில் சாமந்தி மாலையோடு வந்தால் என்ன செய்வது?

உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் போகிற வழியில் எங்கள் பால் கம்பெனியின் குளிரூட்டும் நிலையம் இருந்தது. ஐப்பசி மழை சற்று விட்டிருந்த ஒரு காலை. வாசலில் ஒரு கும்பல் வந்து நின்றது. முன்னால் நின்றவள் எஸ்தர் அக்கா. மாலை அவள் கையில்தான் இருந்தது. நான் அந்தக் கம்பெனியின் மக்கள் தொடர்பு அதிகாரி. ஆபீஸ் ஜன்னலோரம் நின்று போனில் யாரிடமோ திட்டு வாங்கிக்கொண்டிருந்தேன்.

கேட்டில் இருந்த தயாளன் மாகறல்காரர். ஒரு வாரமாகப் பால் கொள்முதலை நிறுத்தி வைத்திருந்தோம். தினமும் யாராவது வந்து அவரிடம் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கும் அதே கேள்விதான் வந்தது.

“எப்ப எடுக்கறீங்க?” என்றாள் அக்கா.

“நாளைக்கு எடுத்துருவாங்க.”

“நாளைக்கா? வெளியூர்லேர்ந்து யாருனா வரணுமா?”

“மெட்ராஸ்லேர்ந்து பெரிய ஆபீசர் வரணும். அவரு பாத்துட்டு சொன்னாதான் எடுப்பாங்க.”

“அதுவரிக்கும் தாங்குமா தயாளா?”

“இன்னா தாங்காம? கூலிங்லதான வெச்சிகீது. ரெண்டு நாளானாலும் ஒண்ணும் ஆவாது.”

கும்பல் தலையாட்டியது. பணக்காரர்கள், வசதி இருக்கும். பின்னாலிருந்து ஒரு பெரியவர், “அப்ப பால் நாளான்னிக்கா?” என்றார்.

“நாளைக்கே பால்தாங்க. விடிகாலையில எல்லாரும் கேனோட வந்துருங்க.”

“கேனா?” என்றாள் எஸ்தர் அக்கா. “எம்மாம் பெரிய மொதலாளியா இருந்தாலும் சொம்புலதானய்யா ஊத்துவாங்க? கேன் கேனாவா ஊத்துவாங்க?”

தயாளன் அப்போதுதான் மாலையைப் பார்த்தார். எனக்கு ஜன்னலிலேயே விளங்கிவிட்டது. போனைப் பாதியில் வைத்துவிட்டுச் செருப்புகூடப் போடாமல் ஓடினேன்.

அவர்கள் எடுக்கக் காத்திருந்தது எங்கள் எம்.டி.யை. அவரோ அந்த நேரத்தில் சென்னையில், பூரண ஆரோக்கியத்தோடு, எனக்குப் போனில் திட்டு கொடுத்துக்கொண்டிருந்தார்.

வருந்துகிறோம்

இந்தத் தொடரில் இதுவரை நான் எழுதிய சொதப்பல்களைப் படித்துவிட்டுச் சிலர் கேட்கிறார்கள், ‘உங்கள் வாழ்க்கையிலேயே பெரிய சொதப்பல் எது மேடம்’ என்று. இப்போது நான் மக்கள் தொடர்பு பாடம் நடத்துகிற வகுப்புக்கு வருகிற பிள்ளைகளும் கேட்பார்கள். இந்தக் கதையைத்தான் சொல்வேன். கேன் வரைக்கும் சொல்வேன். வகுப்பே சிரித்து உருளும். அதற்கு மேல் சொல்ல முடியாமல் அட்டெண்டன்ஸ் எடுக்கப் போய்விடுவேன். இந்த வாரம் மிச்சத்தையும் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் அந்த ஃப்ளெக்ஸ். ஊர் மக்களிடம் கம்பெனி வருத்தம் தெரிவிக்க வேண்டும் என்று முடிவானது. எதற்கு வருத்தம் என்பதைப் பிறகு சொல்கிறேன். விளம்பர ஏஜென்சி ஒன்று சென்னையில் உட்கார்ந்து டிசைன் செய்தது. நடுவில் எம்.டி. படம். கலரில் போட்டால் கல்யாண வரவேற்பு மாதிரி இருக்கும், விஷயம் சீரியஸ் என்று கறுப்பு வெள்ளையில் போட்டார்கள். கைகூப்பி நிற்கிற படம். எங்கள் கம்பெனியின் சின்னம் குத்துவிளக்கு. அதைப் பக்கத்துக்கு ஒன்றாக வைத்தார்கள். கீழே, ‘ஆழ்ந்த வருத்தத்தைத் தெரிவித்துக்கொள்கிறோம்.’

இதை உத்திரமேரூரில் ஒரு ஃப்ளெக்ஸ் கடைக்கு மெயிலில் அனுப்பினார்கள். அந்தக் கடைக்காரர் பாவம், பொறுப்பான மனிதர். ஏஜென்சிக்குப் போன் போட்டு, “சார், தேதி ரெண்டும் அனுப்பலியே” என்று கேட்டிருக்கிறார். ஏஜென்சிப் பையன், “தேதியெல்லாம் வேண்டாங்க, அப்படியே போடுங்க” என்றிருக்கிறான். வெறுமையாக இருக்கிறதே என்று அவராகவே ஓரத்தில் கொஞ்சம் ரோஜாப்பூ வைத்து அடித்துக் கொடுத்துவிட்டார். ராத்திரியோடு ராத்திரியாகக் கட்டிவிட்டுப் போய்விட்டார்கள். காலையில் பஸ் ஸ்டாப்புக்கு வந்த ஜனம் பார்த்தது, நம் ஊரில் எந்த ஜனமும் பார்க்கிற மாதிரிதான் பார்த்தது.

எனக்கு அந்த டிசைனை யாரும் காட்டவில்லை. ஊர்க்காரியிடம் காட்டினால் ஏதாவது சொல்லுவாள் என்று நினைத்திருக்கலாம். எனக்குச் சொந்த ஊர் பழையசீவரம். நான் படித்ததும் பிழைத்ததும் சென்னை என்றாலும், ஆபீசில் நான் எப்போதும் ‘அந்தப் பக்கத்துப் பொண்ணு’தான்.

பி.ஆர்னா பேருதான?

எஸ்தர் அக்காவை நான் முதலில் பார்த்தது அந்த நிலையம் திறந்த புதிதில். பால் ஊற்றுகிறவர்களைப் பேட்டி எடுத்துக் கம்பெனிப் பத்திரிகையில் போடுவதற்காகப் போயிருந்தேன். வரிசையில் நின்றுகொண்டு, பாலை அளக்கிற பையனை ஒருத்தி கலாய்த்துக்கொண்டிருந்தாள். “ஒயுங்கா அள நைனா. நுரைய வுட்டுட்டு பால அள. நுரை உன் மாமியாருக்கு.” அதுதான் அக்கா.

நான் யார் என்று கேட்டாள். பி.ஆர். என்றேன்.

“பேரா? உன் பேரு இன்னான்னு கேக்கல. இன்னா வேலைன்னு கேட்டேன்.”

“வேலைதான்க்கா பி.ஆர்.”

“பேரு ஒரு வேலையா?”

கம்பெனிக்குக் கெட்ட பெயர் வராமல் பார்த்துக்கொள்கிற வேலை என்று விளக்கினேன். “அப்ப பேருதான? அத்ததான நானும் சொன்னேன்” என்றாள். அன்றிலிருந்து எனக்கு அந்த ஊரில் பேரு மேடம் என்று பெயர். மக்கள் தொடர்பு பற்றி எத்தனையோ தடிப் புத்தகங்கள் படித்திருக்கிறேன். இவ்வளவு சுருக்கமாக எதுவும் சொன்னதில்லை.

மாதம் ஒரு முறையாவது போவேன். நாஷ்டா அக்கா வீட்டில்தான். ‘சாப்பிட்டுவிட்டேன்’ என்று சொன்னால் நம்பமாட்டாள். கையைப் பிடித்து உட்கார வைத்துவிடுவாள். கேழ்வரகுக் களி, கருவாட்டுக் குழம்பு, இல்லாவிட்டால் பழைய சோறும் பச்சை மிளகாயும். அதற்குப் பிறகு டீ. கறந்த சூடு ஆறாத பாலில், தண்ணீரே சேர்க்காமல், இஞ்சி நசுக்கிப் போட்டு ஒரு டீ. குடித்து முடித்தபிறகு உதட்டில் ஏடு ஒட்டியிருக்கும். நான் சர்க்கரை குறைத்துக்கொண்டு, டீயும் குறைத்துக்கொண்டு, இப்போது கிரீன் டீ என்ற பெயரில் ஏதோ குடிக்கிறேன். மழை பெய்கிற நாட்களில் மட்டும் அந்த டீ வேண்டும் போலிருக்கிறது. டீகூட இல்லை. கையைப் பிடித்து உட்கார வைப்பாளே, அது வேண்டும்.

அந்தப் பால் ராணியுடையது. ராணி அக்காவின் பசு. அக்காவுக்கு நிலம் கிடையாது, நடவுக்கும் களைக்கும் போகிற குடும்பம். நிலம் இருக்கிற சரோஜாம்மா வீட்டிலிருந்து வாரத்துக்கு ஒரு கன்றுக்குட்டி வாங்கி வளர்த்தாள். வாரத்துக்கு வளர்ப்பது என்றால், வளர்த்து ஆளாக்கினால் அது ஈனுகிற கன்றுகளில் உனக்கொன்று எனக்கொன்று. அப்படி அக்கா பங்குக்கு வந்ததுதான் ராணி. சொந்தம் என்று அவள் சொல்லிக்கொண்ட முதல் உடைமை. இன்னொரு கன்றும் வாரத்துக்குத் தருவதாக சரோஜாம்மா சொல்லியிருந்தார். “எஸ்தர் கையில குட்டா எலும்பும் தோலுமா கீறது கூட யானையாட்டம் ஆயிடும்” என்று அவரே என்னிடம் சொல்லியிருக்கிறார்.

அந்தச் சொல்தான் அக்காவின் சொத்து. எனக்கு அது அன்றைக்குப் புரியவில்லை.

உயிரிழப்பு ஏதும் இல்லை

பால் டாங்குகளைக் காஸ்டிக் சோடா போட்டுக் கழுவுவார்கள். அந்தத் தண்ணீரைத் தேக்கிவைக்கப் பின்பக்கம் ஒரு குழி உண்டு. அந்த ஐப்பசியில் அடித்த மழையில் குழியின் கரை உடைந்தது. தண்ணீர் கால்வாயில் இறங்கி ஏரி முனைக்குப் போனது. நிலம் உள்ளவர்கள் மாட்டுக்கு மோட்டார் தண்ணீர் காட்டுவார்கள். நிலம் இல்லாதவர்கள் ஏரிக்குத்தான் ஓட்டிப் போக வேண்டும். காலையில் மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டி மிதந்தன. அங்கே தண்ணீர் குடித்த ராணி மத்தியானத்துக்குள் செத்துப்போனது. மாட்டு டாக்டர் வாயைத் திறந்து பார்த்துவிட்டு, உள்ளே வெந்திருக்கிறது என்றார். அன்றிலிருந்துதான் பால் கொள்முதலை நிறுத்தியிருந்தோம்.

நான் போய்ச் சேர்ந்தபோது அக்கா அழவில்லை. ராணியின் கழுத்துக் கயிற்றை அவிழ்க்க முடியாமல் விரல்களால் நெம்பிக்கொண்டிருந்தாள். நானும் உட்கார்ந்து அவிழ்த்தேன். கயிறு ஈரத்தில் இறுகியிருந்தது.

அன்று மாலை பத்திரிகைகளுக்கு அறிக்கை கொடுக்க வேண்டும். நான் எழுதியது இதுதான்: எங்கள் குழி உடைந்தது, எங்கள் தண்ணீர் ஏரிக்குப் போனது, ஒரு பசு இறந்தது, மன்னியுங்கள். நான்கே வரி. மேலே போனது. சட்டப் பிரிவுக்குப் போனது. திரும்பி வந்தபோது ஒரு பக்கமாக வளர்ந்திருந்தது. மறுநாள் பேப்பரில் வந்தது.

‘கனமழை காரணமாக ஏற்பட்ட இச்சம்பவத்தில் உயிரிழப்பு ஏதும் இல்லை. அப்பகுதியில் இறந்த பசு ஒன்றுக்கு முறையான தீவனம் அளிக்கப்படவில்லை எனத் தெரிய வருகிறது.’

அந்த இரண்டு வரியை எழுதியவரை எனக்குத் தெரியும். கெட்டவர் இல்லை. வீட்டில் நாய் வளர்க்கிறவர். எல்லா அறிக்கையிலும் வருகிற வரிதானே என்று போட்டிருக்கிறார். இரண்டாவது வரி கோர்ட்டுக்குப் போனால் உதவும் என்று போட்டிருக்கிறார். நான் கத்தினேன், மேஜையைத் தட்டினேன். “மாடுதானே சுமதி, எமோஷனல் ஆகாதீங்க” என்றார்கள்.

அக்காவுக்குப் படிக்க வராது. மகளை விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். எனக்குப் போன் செய்தாள்.

“உயிரே போவலன்னு போட்டுகீறாங்களே சுமதி. ராணிக்கு இருந்தது இன்னாவாம், மோட்டாரா?”

“தப்புதான்க்கா. மாத்தச் சொல்லிப் போராடறேன்.”

“அத்தகூட வுடு. நான் கெட்ட தீனி போட்டேன்னுகீதே. அத்த யாருனா படிச்சா இன்னா நெனப்பாங்க?”

படித்தார்கள். நினைத்தார்கள். சாலவாக்கம் டீக்கடையில் அந்தப் பேப்பர் கை மாறி மாறிப் படித்துக் கிழிந்தது. சரோஜாம்மா தருவதாகச் சொன்ன கன்று வேறு வீட்டுக்குப் போனது.

செங்கல்பட்டு தாண்டிட்டாரா?

இதையெல்லாம் தெரிந்துகொண்டு மறுபடி அந்தக் கேட்டுக்கு வாருங்கள். மாடு செத்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. அதைக் கொன்ற கம்பெனியின் முதலாளி செத்துவிட்டார் என்று ஃப்ளெக்ஸைப் பார்த்து நினைத்த அக்கா, உத்திரமேரூர் வரை போய் மாலை வாங்கிக்கொண்டு வந்து நிற்கிறாள்.

“யார் சொன்னது செத்துட்டார்னு? நல்லா இருக்காருக்கா” என்றேன், மூச்சு வாங்க.

“நல்லா கீறாரா?” என்றாள். நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். “அப்பாடா, ஏசப்பா. தெறப்பு விழா அன்னிக்கு ராணிய தொட்டுக் கும்புட்டாரும்மா அந்த மனுசன். எத்தினி கோவம் இருந்தா இன்னா, சாவுன்னதும் மனசு கேக்கல.”

பிறகுதான் சிரிப்பு வந்தது. பெரியவர் ஒருவர் ‘கேன்’ என்று ஆரம்பித்ததும் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தயாளன் தொப்பியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். அக்கா மாலையைத் தலைக்கு மேல் தூக்கி, “இத்த இப்ப இன்னா பண்றது?” என்று கேட்டாள். சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒரு வாரமாக எங்களை முறைத்துக்கொண்டிருந்த ஊர் அது. அந்த ஐந்து நிமிடத்தில் கம்பெனியும் ஊரும் ஒரே வீடாக இருந்தது. என் வேலையில் அப்படி ஒரு நேரம் அதற்கு முன்னும் வாய்த்ததில்லை, பின்னும் வாய்க்கவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். என் ஆரம்ப நாட்களில் ஒரு ஸ்வீட் கடைக்கு வேலை பார்த்தேன். லட்டில் ஆணி கிடந்தது என்று ஒரு பெண்மணி சண்டைக்கு வந்தார். நான் அறிக்கை எழுதலாமா என்று பேனாவைத் தேடுவதற்குள் முதலாளி கடை வாசலுக்கே வந்து, எல்லோர் காதிலும் விழும்படி, “என் கடை லட்டுதாம்மா, என் தப்புதாம்மா” என்றார். அந்த அம்மாள் திகைத்துப் போய், அரை கிலோ மிக்சர் வாங்கிக்கொண்டு போனார். எனக்கு அன்றைக்குச் சம்பளம் கொடுத்ததே வீண்.

அந்த லட்டு நினைவில் இருந்ததால் எம்.டி.க்குப் போன் போட்டேன். “சார், உடனே கிளம்பி வாங்க. எல்லாரும் இங்கதான் இருக்காங்க. உங்களுக்காக மாலையோட வந்திருக்காங்க. நேர்ல நின்னு, ‘எங்க தண்ணிதான், எங்க தப்புதான், எஸ்தர் மேல தப்பில்லை’ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. போதும்.”

அவர் “வரேன்” என்றார்.

அக்காவிடம் சொன்னேன். அவள் முகம் மாறியது. “மெய்யாலுமா? அவரு வாயால சொல்லுவாரா?” என்றாள். “சரோஜாம்மாவையும் கூட்டியாரச் சொல்லவா? அவங்களும் கேக்கட்டும்.” சொல்லுங்கள் என்றேன்.

நடுவில் ஒரு முறை என் கையைப் பிடித்துக்கொண்டாள். “அவரு வர்றதுக்குள்ள நீ ஒருவாட்டி சொல்லேன் சுமதி. இவங்கல்லாம் கீறப்பவே.”

“நான் சொன்னா எடுபடாதுக்கா. அவரே சொல்லட்டும், அதுதான் எடையா இருக்கும்.” மனதாரத்தான் சொன்னேன். தலைவர் வாயால் வருவதுதான் மன்னிப்பு என்று எனக்குப் பாடம். இன்றைக்கும் வகுப்பில் அதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

காத்திருந்தோம். தயாளன் ஷெட்டில் பெஞ்சு போட்டார். யாரோ டீயும் பன்னும் வாங்கி வந்தார்கள். சரோஜாம்மா குடையோடு வந்து ஒதுங்கி நின்றார். “செங்கல்பட்டு தாண்டிட்டாரா மேடம்?” என்று ஒருவர் மாற்றி ஒருவர் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நான் போன் போட்டுக்கொண்டே இருந்தேன். முதலில் மீட்டிங்கில் இருக்கிறார் என்றார்கள். அப்புறம் எடுக்கவில்லை. மறுபடி மழை பிடித்துக்கொண்டது. மாலையை நனையாமல் அக்கா புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டாள்.

சாயங்காலம்தான் பேசினார். குரல் தணிந்திருந்தது. “வருத்தம் தெரிவிக்கலாமாம் சுமதி. தப்புன்னு சொல்லக் கூடாதாம். லீகல்ல ஒத்துக்க மாட்டேங்கறாங்க. நீங்களும் எதுவும் பேசிடாதீங்க.” அவர் சென்னையைவிட்டே கிளம்பியிருக்கவில்லை.

அதற்குள் எவனோ எடுத்த வீடியோ ஊர் உலகமெல்லாம் சுற்றத் தொடங்கியிருந்தது. உயிரோடு இருக்கிற முதலாளிக்கு அஞ்சலி என்று தலைப்பு. எம்.டி.யை அவமானப்படுத்திவிட்டார்கள், போலீசில் புகார் கொடுக்கலாமா என்று மறுநாள் ஒரு கூட்டம் நடந்தது. நான் அந்தக் கூட்டத்தில் பேசியதை இங்கே அச்சில் ஏற்ற முடியாது. ஆசிரியர் வெட்டிவிடுவார்.

கேட்டில் நான் அக்காவிடம் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. அவள் சொன்னது நினைவிருக்கிறது. “பஸ்சு பூடும். நான் கெளம்பறேன் மேடம்.”

அத்தனை வருடத்தில் அவள் என்னை நேருக்கு நேர் மேடம் என்றது அன்றைக்குத்தான்.

பேரை மாற்றிக்கொண்டார்கள்

கம்பெனி எப்படித் தப்பித்தது என்று கேட்பீர்கள். சுலபமாகத்தான். கொஞ்ச நாளில் வேறொரு நிறுவனம் வாங்கியது. புதுப் பெயர், புது நிறம், குத்துவிளக்குக்குப் பதிலாக ஒரு சிரிக்கிற கன்றுக்குட்டி. எம்.டி. குடும்பத்தோடு வெளிநாடு போய்விட்டார். ஃப்ளெக்ஸ், வீடியோ, ஏரி, எல்லாம் பழைய பெயரோடு போயிற்று. வாங்கியவர்கள் என்னைத் தொடரச் சொன்னார்கள். முடியவில்லை, விலகிவிட்டேன்.

அப்புறம் ஒரு முறை அக்காவுக்குப் போன் செய்தபோது இதைச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

“கம்பெனி கெட்டுப் போனா வேற பேர வெச்சிக்கிது” என்றாள். “நான் இன்னா பேர வெச்சிக்கிறது?”

போனை வைத்துவிட்டாள். அடுத்தடுத்துப் போட்ட போன்களை அவள் மகள்தான் எடுத்தாள். அம்மா வேலைக்குப் போயிருக்கிறது, அம்மா தூங்குகிறது. எனக்குப் புரியாமல் இல்லை. ஆனாலும் போட்டுக்கொண்டிருந்தேன். ஐப்பசி வந்தால் தானாகவே விரல் அந்த எண்ணுக்குப் போகும்.

ஏரிக்கரை

போன வருடம் மனது கேட்காமல் கிளம்பிப் போனேன். நேராக சரோஜாம்மா வீட்டுக்கு. மோர் கொடுத்தார். நான் வந்த விஷயத்தைச் சொன்னேன். தண்ணீர் கம்பெனித் தண்ணீர்தான், உடைந்த குழியை நான் என் கண்ணால் பார்த்தேன், எஸ்தர் அக்கா தீனியில் ஒரு குறையும் இல்லை.

அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். “நீங்க இப்பவும் அந்தக் கம்பெனிலதான் கீறீங்களா?”

“இல்லைம்மா. விட்டுட்டேன்.”

“ஓ” என்றார். “பேப்பர்ல வேற மாரி போட்டிருந்தாங்களே.” பிறகு நெல் விலையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

அக்கா நூறு நாள் வேலையில் ஏரிக்கரையில் இருப்பதாகச் சொன்னார்கள். நடந்து போனேன். மத்தியானச் சாப்பாட்டு நேரம். பெண்கள் எல்லோரும் வேலிக்காத்தான் நிழலில் தூக்குச்சட்டிகளைத் திறந்து உட்கார்ந்திருந்தார்கள். அக்கா இளைத்திருந்தாள். முன்பக்கம் நரைத்துவிட்டது. என்னைப் பார்த்து எழுந்திருக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை.

நான் உட்காரவில்லை. நின்றபடியே, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். “ராணி செத்தது கம்பெனி விட்ட தண்ணியால. அக்கா மேல எந்தத் தப்பும் இல்லை. பேப்பர்ல போட்டது பொய்.”

“தெரியுமேம்மா” என்றாள் ஒருத்தி, சோற்றைப் பிசைந்துகொண்டே. “எங்களுக்குத் தெரியாதா?”

அவர்களுக்குத் தெரியும். அவர்களிடம் வாரத்துக்கு விட மாடு இல்லை. மாடு இருக்கிறவர்கள் வீட்டில்தான் பேப்பர் வாங்குகிறார்கள்.

“சரோஜாம்மா வீட்டுக்கும் போய்ச் சொல்லிட்டு வரேன்க்கா” என்றேன்.

அக்கா தலை நிமிர்ந்தாள். “அவங்க இன்னா சொன்னாங்க?”

“நான் இப்பவும் அந்தக் கம்பெனியிலா இருக்கேன்னு கேட்டாங்க.”

அக்கா சிரித்தாள். கோபமே இல்லை அதில். பக்கத்தில் இருந்த கல்லைக் கையால் துடைத்து, என் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். அவள் விரல்களில் ஏரிமண் காய்ந்து சொரசொரவென்று இருந்தது.

“அன்னிக்கு கேட்டாண்ட நீ ஒரு வார்த்த சொல்லியிருந்தா, கம்பெனி சொல்லிச்சுன்னு ஆயிருக்கும். இன்னிக்கு நீ எங்க வூட்டுப் பொண்ணு. வூட்டுப் பொண்ணு வந்து சொன்னா எவ ஒத்துக்குவா சுமதி?”

எங்க வூட்டுப் பொண்ணு. எத்தனை ஐப்பசியாக இந்த ஒரு வார்த்தைக்கு ஏங்கியிருக்கிறேன். அது இப்படியா வந்து சேர வேண்டும்?

எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்கா தூக்குச்சட்டியின் மூடியில் பாதிச் சோற்றை எடுத்து வைத்து என் மடியில் வைத்தாள்.

“துன்னு” என்றாள். “ஓவர்சியர் வந்தா எயிந்துக்கணும்.”